ஒன்பதாம் வகுப்பு வாசலில் நம் பிள்ளைகள்

ஆவணி பிறந்துவிட்டது. ஒரு பக்கம் குறுவைக் கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்று விடுகிறார்கள். பள்ளிக்கூடங்களில் காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு, ஜூன் மாதம் பக்கத்து ஊர் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த பிள்ளைகளுக்கு, புதிய பள்ளியில் இதுதான் முதல் பெரிய தேர்வு. அவர்களில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர்? எப்படிப் படிக்கிறார்கள்? நம்மில் எத்தனை பேர் இதை விசாரித்தோம்?

2025ஆம் ஆண்டு கல்வி சார்ந்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஜூலை 7ஆம் தேதி, ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்ட அரசு மாணவர் விடுதிகள் இனி 'சமூகநீதி விடுதிகள்' என அழைக்கப்படும் என்றார் முதலமைச்சர். ஆகஸ்ட் 8ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அதையொட்டி, பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதலே கிடையாது என்று ஆகிவிட்டது.

விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த அடையாளம் போனது நல்லது. இனி அந்த விடுதிகளின் சோறும் கழிவறையும் படிக்கும் அறையும் பெயருக்கேற்ப மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டியது நம் வேலை. பிளஸ் 1 தேர்வு போனதும் சுமைக் குறைப்புதான். ஆனால் அந்தத் தேர்வு 2017-18இல் ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பல பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடத்தையே நடத்தின. நீட், ஜே.இ.இ. தேர்வுகளோ இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. விட்டுப்போன பாடத்தை வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனில் பிடித்துக்கொள்ளும். நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

ஏன் ஒன்பது?

நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஒரு பிள்ளை முதன்முதலாகத் தோற்கக்கூடிய வகுப்பு ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பயந்து, படிப்பில் பின்தங்கிய பிள்ளையை "டி.சி. வாங்கிக்கொண்டு போ" என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. பேருந்து, புதிய முகங்கள், கனமான கணக்கு, புரியாத ஆங்கிலம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. பெண் பிள்ளையென்றால் "இவ்வளவு தூரம் போய்வர வேண்டுமா?" என்ற பேச்சும் வீட்டில் எழுகிறது. ஆண் பிள்ளைக்குத் திருப்பூரிலிருந்து அழைப்பு வருகிறது.

1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். நமக்கு முந்தைய தலைமுறை கூலி நெல்லுக்காகவும் மானத்துக்காகவும் நடத்திய போராட்டத்தின் விலை அது. இன்று நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த வயல்களில் அந்தக் கூலி வேலையே சுருங்கிவிட்டது. நிலமில்லாத குடும்பத்துக்கு அடுத்த வழி படிப்புதான். அந்த வழி அடைபடுகிற முதல் இடம் ஒன்பதாம் வகுப்பு.

சொல்ல ஓர் ஆள்

நாம் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. தொண்ணூறுகளில் நடந்தது. கணக்கில் நல்ல மதிப்பெண் இருந்தது. எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். கூட வந்த அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "உங்களுக்கு இது போதும்" என்று ஒரு பிரிவை எழுதிக் கொடுத்தார். பிறகு தமிழ் படித்தோம். அதில் எந்தக் குறையும் இல்லை, எழுத வந்ததே அதனால்தான். ஆனால் அந்தப் பிரிவை நாம் தேர்ந்தெடுக்கவில்லை.

படித்த குடும்பங்களில் இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. சித்தப்பா பொறியாளர், அத்தை ஆசிரியை என்றால் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே எல்லாம் காதில் விழுந்துவிடும். எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தப் படிப்புக்கு எந்தப் பிரிவு என்பது அந்தப் பிள்ளைக்குத் தானாகவே தெரிகிறது. நம் பிள்ளைக்கும் அறிவு உண்டு. உரிய நேரத்தில் சொல்ல ஆள்தான் இல்லை.

அம்பேத்கருக்கே அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது. 1907இல் அவர் மெட்ரிக் தேறியபோது அருகில் இருந்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்ற ஆசிரியர். தான் எழுதிய புத்தர் வரலாற்றை அந்த மாணவனுக்குப் பரிசளித்தார். பின்னர் கல்லூரிப் படிப்புக்குப் பணமில்லாமல் தந்தை தவித்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துப் போனவரும் அவரே. மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. கெலுஸ்கர் தலித் அல்ல. எந்தச் சாதியில் பிறந்த ஆசிரியரும் இந்த வேலையைச் செய்யலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

முதலில் சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழை ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் உதவித்தொகை நின்றுபோகலாம். 9, 10ஆம் வகுப்பு ஆதிதிராவிட மாணவர்களில், வீட்டிலிருந்து வருவோருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாயும் விடுதியில் தங்குவோருக்கு 7,000 ரூபாயும் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து, தேர்வுகள். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாவார்கள். எட்டாம் வகுப்பில் தம்பியோ தங்கையோ இருந்தால் என்.எம்.எம்.எஸ். தேர்வை விடக் கூடாது. தேறினால் ஒன்பது முதல் பிளஸ் 2 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000 ரூபாய். பிளஸ் 1 போனதும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. தேர்வாகும் 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய் கிடைக்கும். வினாக்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை ஒட்டியே வரும்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. நடுவில் இரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த வாய்ப்பை இழக்க நேரும்.

மூன்றாவது, பிளஸ் 1 பிரிவு. ஒன்பதாம் வகுப்பிலேயே அதைப் பேசத் தொடங்க வேண்டும். தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்துள்ள கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே பி.டெக். சேர பிளஸ் 2இல் கணிதமும் ஜே.இ.இ. தேர்வும் வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கு உயிரியல் வேண்டும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் 2 மதிப்பெண் போதும். திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றின் வாசல் வழியாகவே பேருந்தில் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உள்ளே போகும் வழி தெரியும்?

வகுப்பறையில் சாதி

புதிய பள்ளியில் நம் பிள்ளை எங்கே உட்காருகிறது, யாரோடு சாப்பிடுகிறது என்பதும் படிப்போடு சேர்ந்ததுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தனக்கு நேர்ந்த தொல்லையைப் பள்ளியில் சொன்ன மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த மாணவன் அடுத்த ஆண்டு பிளஸ் 2 தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்துத் தேறினான். அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, ஆசிரியர் சாதியைச் சுட்டிப் பேசக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. நம் ஊர்ப் பள்ளியில் இவை நடைமுறையில் இருக்கின்றனவா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் நம் தெருப் பெற்றோரும் இடம்பெற வேண்டும். பிள்ளை திடீரென்று "பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்றால், அடிப்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். வழிகாட்டுதலுக்கு 14417, ஆபத்து என்றால் 1098 என்ற எண்களைப் பிள்ளையின் நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

நம் ஒவ்வொரு தெருவிலும் இன்று இரண்டு மூன்று பட்டதாரிகளாவது இருக்கிறார்கள். வேலைக்காகக் காத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. ஒருவர் ஐந்து பிள்ளைகளைப் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை சமுதாயக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கணக்கு சொல்லித்தரத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விண்ணப்பத் தேதியைச் சொல்லலாம். இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போகலாம். பிரிவு கேட்கும் நாளில் அப்பாவோடு போய் மேசை முன் நிற்கலாம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வரும். அதை முதலில் வாங்கிப் பார்ப்போம். எந்தப் பாடம் புரியவில்லை என்று கேட்போம். சம்பா அறுவடை முடியும்போது முழு ஆண்டுத் தேர்வு வந்துவிடும். நடுவில் இருப்பது ஐந்தாறு மாதம்தான்.