மஞ்சள் மீட்டர் போதுமா?

செங்கல்பட்டுப் பையன் ஒருவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிறுக்கு பிடித்தால், முதல் யாத்திரை பீச் ரயிலேறி ரிச்சி தெருவுக்குத்தான். அங்கே கண்ணில் படுவது அந்த மஞ்சள் நிற டிடி-830 வகை மல்டிமீட்டர். "மலிவு, தொடாதே" என்பார்கள் சீனியர்கள். பாதிதான் உண்மை! 9 வோல்ட் பேட்டரி, 5 வோல்ட் சர்க்யூட், ரெசிஸ்டர் இவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

பார்க்க வேண்டியது வேறு. பீப் சத்தம் இருக்கிறதா? 830பி மாடலில் கிடையாது. மாமல்லபுரம் பக்கத்து உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும், ஸ்விட்ச் துருப்பிடிக்கும். சப்ளையை நிறுத்திவிட்டு, எங்கே தொடர்பு அறுந்தது என்று காதாலேயே தேட பீப் வேண்டும்.

அடுத்தது ஃபியூஸ். இவற்றில் பலவற்றின் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இல்லை. பக்கத்திலேயே எழுதியிருக்கும், யார் படிக்கிறார்கள்? கரண்ட் அளந்துவிட்டுச் சிவப்பு ஒயரை அங்கேயே மறந்து, பிளக் பாயிண்டில் 230 வோல்ட் பார்க்கப் போனால் நேர் ஷார்ட் சர்க்யூட்! அப்போது கையில் இருப்பது மீட்டர் இல்லை, பட்டாசு. வீட்டு மின்சாரத்தைத் தொடுகிற எண்ணம் இருந்தால், இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, எல்லாத் துளைக்கும் ஃபியூஸ் உள்ள மீட்டராக வாங்கட்டும். அதுவரை மஞ்சள் மீட்டர் பேட்டரிப் பக்கமே இருக்கட்டும்.