மடு மாதாவும் என் கடலைக்காடும்

பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து களையெடுக்க வர்ற அக்கா மன்னார்க்காரர். 1990-ல் படகேறி வந்தவர். ஆகஸ்ட் 15 அன்னைக்கு மட்டும் எவ்வளவு கூலி குடுத்தாலும் வரமாட்டார். "மடுத் திருவிழா தம்பி" என்பார். கடலைக்காட்டுல களை மண்டிக் கிடக்கும், எனக்கு எரிச்சலா வரும். "இங்க இருந்துகிட்டு மடுவுக்கு என்ன லீவு?"ன்னு ஒருமுறை கேட்டே விட்டேன் (கேட்டிருக்கக் கூடாது).

2008-ல் சண்டை நெருங்கினப்போ, மடுக் கோயில் மாதா சிலையையே குருமார் தேவன்பிட்டிக்குத் தூக்கிட்டுப் போனாங்களாம். "மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவதானே தம்பி" என்றார்.

இத்தனை வருசத்துல அவருக்குக் குடியுரிமை கிடைக்கலை. மாதாவும் வாங்கித் தரலை. அதுக்காக, பக்தியெல்லாம் ஏமாத்து வேலைன்னு சொல்ற பட்டணத்து நண்பர்களோட என்னால ஒத்துப்போக முடியலை. தன் கஷ்டத்தைத் தானும் பட்ட ஒருத்திகிட்டதான் அவர் பேசுறார்.

இந்த வருசம் 14-ஆம் தேதிக்குள்ளயே களையெடுப்பை முடிச்சுட்டோம்.