எடுப்பதற்கு முன் எழுதுங்கள்

காரை என்ற ஊரின் மண்ணில் புதைபடிவக் கிளிஞ்சலைக் கண்டால் யாருடைய கையும் தானாக நீண்டு பொறுக்கும். அந்தக் கையைத் தடுத்து நிறுத்த அங்கே ஆள் வேண்டும்.

என் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த கூரம். அப்பா பட்டுத் தறி நெய்கிறார், நான் நிலவியல் படிக்கிறேன். முதல் களப்பணிக்கு எங்களைப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு அழைத்துப்போனார்கள். மழை அரித்து ஓடை ஓடையாகக் கிழித்துப்போட்ட களிமண் மேடுகள், இடையிடையே வெள்ளைக் கீற்றுகளாக ஜிப்சம். ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இது கடலின் அடித்தரை.

நூல் கட்டிச் சதுரம் பிரித்து, சிறு கரண்டியாலும் பிரஷ்ஷாலும் மண்ணை விலக்கினோம். முதலில் கணவாயின் பழைய உறவான பெலம்னைட்டின் உடைந்த துண்டுகள் வந்தன. பிறகு அதே உறவில் வந்த, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் பிறந்த ஊரில் சாளக்கிராமத்தைப் பார்க்காமல் யார் வளர்கிறார்கள்? நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சக்கரம் பதிந்த சாளக்கிராமங்கள் அம்மோனைட்டின் அச்சுகளே. நாங்கள் திருமஞ்சனம் செய்து கும்பிடும் கல்லின் சொந்தம் காரை வெயிலில் என் முழங்காலருகே கிடந்தது.

கை நீட்டினேன். "தொடாதேம்மா, முதல்ல எழுது" என்றார் பேராசிரியர்.

எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் மேலே, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று எழுதி, அளந்து, படம் பிடித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. காரணம் அங்கேயே விளங்கியது. அம்மோனைட் இனங்கள் பல, புவியின் கணக்கில் குறுகிய காலமே வாழ்ந்து மறைந்தவை. ஆகவே எந்த இனம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கொண்டு பாறையின் வயதைச் சொல்லலாம். அடுக்கைவிட்டுப் பிடுங்கி மேசையில் வைத்தால் அந்தச் சாட்சியம் போயிற்று. எங்கள் ஊர்ச் செப்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவன் பரமேசுவரவர்மன் கூரத்தில் வெட்டிய ஏரியையும் பாலாற்றிலிருந்து அதற்கு வந்த கால்வாயையும் அது சொல்கிறது. எந்த ஊர்ச் செப்பேடு என்று தெரிவதால்தான் அதை நிலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க முடிகிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்ன பாப்பா தேடுறீங்க? கார்ல வர்றவங்க பை நெறைய அள்ளிட்டுப் போறாங்களே" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் தென்னிந்தியாவில் சேகரித்த புதைபடிவங்கள் லண்டனுக்குப் போயின. இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் எழுதினார். தூரதேசம் போனாலும் அவை படிப்பாக மாறின. இன்று காரில் போகிறவை வரவேற்பறை அலமாரியோடு சரி.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காரையைப் புவிப் பாரம்பரிய இடமாகப் பட்டியலிட்டிருக்கிறது. பட்டியல் காவல் காக்காது. அந்தக் கிராமத்து இளைஞர்களுக்கே பயிற்சியும் சம்பளமும் கொடுத்துக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் அரசு நியமிக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளிலும் கிரெட்டேசியஸ் கால இலைத் தடங்கள் உண்டு. தொழிற்சாலைகளுக்கு அடித்தளம் தோண்டும்போது ஒரு நிலவியலாளர் வந்து பார்க்க வழிசெய்தால் செலவு அதிகமில்லை. தோண்டி அள்ளிக் கொட்டியபின் வந்து பயனில்லை.

ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளைக் காரைக்குக் கூட்டிப்போங்கள். கையில் நோட்டும் பென்சிலும் கொடுங்கள், பை வேண்டாம். புதிதாக எதுவும் கண்ணில் பட்டால், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, படத்தோடும் இடக்குறிப்போடும் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள்.