18,000 ரூபாய்க்கு வக்கீலா?

போன வாரம் நம்ம தில்லை நகர் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தாரு. ஹெல்த் இன்சூரன்ஸ் கிளெய்ம்ல 18,000 ரூபாயை ஏதோ காரணம் சொல்லி வெட்டிட்டாங்க. "வக்கீல் ஃபீஸே அதுக்கு மேல ஆகும் சார், விட்டுட்டேன்"னாரு.

விடாதீங்க. நுகர்வோர் ஆணையத்துல வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். கம்பெனி மும்பையில இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்க வசிக்கிற ஊர்லயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்துல வீட்ல இருந்தே பதிவு பண்ணலாம். வீடியோ விசாரணையும் கேட்கலாம். கட்டணம் நீங்க கேட்கிற தொகைக்கு இல்ல, கட்டின பணத்துக்கு. பிரீமியம் 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு. தளம் கதவைத்தான் திறக்கும். என்ன எழுதணும், எந்த பேப்பரை இணைக்கணும்னு கூட உட்கார்ந்து சொல்லித் தராது. நிறைய பேர் அங்கதான் திரும்பிடறாங்க. லிங்க் அனுப்பினா மட்டும் நீதி கிடைச்சிடாது. ஆள் துணையும் வேணும்ங்கிறது என் கருத்து. தடுமாறினா 1915க்கு போன் போடுங்க. சட்ட உதவிக்கு 15100.

பாலிசி, பில், மறுப்புக் கடிதம் மூணையும் இன்னைக்கே ஒரு ஃபோல்டர்ல போடுங்க. சின்னத் தொகைதானேன்னு நாம விடறது, அவங்க கணக்குல லாபம்.