வெட்டி எறிந்த விளிம்பு

அம்மையார்குப்பத்துக்குள் நுழையும்போது ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே தறிச் சத்தம் காதில் விழுந்துவிடும். திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவூர் அது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிப்பதை இன்றும் அங்கே கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர்த் தெருவொன்றில் நண்பர் ஒருவர் எடுத்த புகைப்படம் இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

விடியற்காலை. தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருக்கிறது. இளவெயிலில் நூற்றுக்கணக்கான இழைகள் பொன்னாய் மின்னுகின்றன. நடுவே முதியவர் ஒருவர் தலை கவிழ்ந்து, இழைகளின்மேல் விரல் வைத்து நிற்கிறார். படத்தின் வலது ஓரத்தில் வளையல் அணிந்த கையொன்று அரைகுறையாகத் தெரிகிறது.

மாதம் ஒருமுறை கூடி, எடுத்த படங்களைப் பார்த்து விவாதிக்கும் சிறு குழு எங்களுடையது. ஏழெட்டுப் பேர் இருப்போம். அன்று அந்தப் படத்தை வெகுவாகப் பாராட்டினோம். முதியவரின் நிலையை 'தவம்' என்றார் ஒருவர். 'இழைகளோடு ஒரு பிரார்த்தனை' என்று தலைப்பு வைக்கலாம் என்றேன் நான். குறை என்று சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: ஓரத்தில் தெரியும் அந்தக் கை கவனத்தைச் சிதறடிக்கிறது, அதை வெட்டிவிட்டால் படம் முழுமை பெறும். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். நண்பரும் வெட்டினார். வெட்டிய படம் உண்மையிலேயே அழகாக இருந்தது.

பிறகு ஒருநாள், வெட்டிய படத்தின் பிரதியை அம்மையார்குப்பத்துக்கு எடுத்துச் சென்று அந்த முதியவரிடமே கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இழ அறுந்துபோச்சு அன்னிக்கு. முடிஞ்சிக்கினு இருந்தேன்" என்றார். எங்கள் தவமும் பிரார்த்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் கலைந்தன. அடுத்து அவர் கேட்டதுதான் இன்றுவரை என்னை விடவில்லை. "அந்தாண்ட எங்க வூட்டம்மா நின்னுக்கினு இருந்துச்சே, அதக் காணமே சார்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் வேலையில் குனிந்துகொண்டார்.

அங்கே நிகழ்ந்த பிழை வெட்டியவருடையது மட்டுமன்று, விமர்சித்த எங்கள் அனைவருடையதும்தான். ஒளியைப் பற்றிப் பேசினோம், கோட்டைப் பற்றிப் பேசினோம், சட்டகத்தை எப்படி மூன்றாகப் பகுப்பது என்று பேசினோம். படத்தில் நடப்பது என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. பாவு வேலை ஒற்றை ஆளால் நடக்கிற காரியமில்லை என்பது கூட எங்களுக்குத் தோன்றவில்லை. பெண்ணின் உழைப்பு எங்களுக்குக் கவனச் சிதறலாகத் தெரிந்தது. இதை அழகியல் தீர்ப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா?

இலக்கியத்தில் இப்படிப்பட்ட வாசிப்பை நாம் பொறுத்துக்கொள்வதில்லை. 1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது படைப்புக்கு நிகரான இடத்தை விமர்சனத்துக்குக் கொடுத்தார். ஒரு கதை நன்றாக இருக்கிறது என்பது போதாது, ஏன் நன்றாக இருக்கிறது, எங்கே பொய் சொல்கிறது என்றும் காட்டவேண்டும் என்ற பழக்கம் சிறுபத்திரிகைகள் வழியாகவே நமக்கு வந்தது. அதே நாம் புகைப்படத்தின் முன் நிற்கும்போது 'அருமை', 'கவிதை' என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறோம். மிஞ்சிப்போனால் தொழில்நுட்பம் பேசுகிறோம். கருவியைப் பற்றிய பேச்சு படத்தைப் பற்றிய பேச்சாகிவிடாது.

இதன் விளைவை நம் திருவிழாக்களில் காணலாம். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளிலும் காவடிகள் ஏறும்போது, அலகு குத்திய முகங்களுக்கு எதிரே காமிராக்கள் அணிவகுக்கின்றன. கூவாகத்தில் தாலியறுத்து அழும் திருநங்கையரின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் லென்ஸ் நீள்கிறது. மயானக் கொள்ளை, குலசேகரன்பட்டினம் தசரா என்று ஆண்டு நாட்காட்டியே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே முகபாவம், அதே மஞ்சள், அதே புகை. படம் எடுக்கப்போகும் முன்பே எந்தப் படம் வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் போகிறோம். சென்ற ஆண்டு எது பாராட்டப்பட்டதோ அதையே இந்த ஆண்டும் எடுக்கிறோம். ஆகவே கூவாகத்தில் லென்ஸை நீட்டியவரைப்போலவே, அந்தப் படத்தைப் பாராட்டியவரும் இதற்குப் பொறுப்பாளி.

தெருப் புகைப்படம் என்றதும் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெயரைச் சொல்லாமல் பேச்சு தொடங்காது. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். 1952-இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு ஆங்கிலத்தில் வைத்த தலைப்புதான் 'தீர்மானகரமான கணம்' என்ற கோட்பாடாக உலகெங்கும் பரவியது. அதே நூலின் பிரெஞ்சுத் தலைப்போ அவசரமாக, மறைவாக, திருட்டுத்தனமாக எடுத்த படங்கள் என்ற பொருளைத் தருவது. ஆங்கிலத் தலைப்பில் கலைஞனின் மேதைமை ஒலிக்கிறது. பிரெஞ்சுத் தலைப்பில் ஒரு குற்றவுணர்வும் சேர்ந்து ஒலிக்கிறது. நாம் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

அண்மைக் காலத்தில் இரு விவாதங்கள் நமக்குப் பாடமாக வேண்டியவை. 2016-இல் ஸ்டீவ் மெக்கரியின் இந்தியப் படங்களைப் பற்றி எழுத்தாளர் தேஜு கோல் கடுமையான கட்டுரை ஒன்று எழுதினார். அவை மிதமிஞ்சிக் கச்சிதமாக இருக்கின்றன, பார்ப்பவர் மனத்தில் முன்பே உள்ள இந்தியாவையே திருப்பித் தருகின்றன என்பது அவர் வாதம். மாற்றாக அவர் காட்டியது ரகுவீர் சிங்கின் நெரிசலான, பல மையங்கள் கொண்ட படங்களை. அதே ஆண்டு மெக்கரியின் படங்கள் சிலவற்றில் கணினி கொண்டு உருவங்கள் நீக்கப்பட்டது வெளியாயிற்று. இரண்டாவது 2018-இல் நடந்தது. இத்தாலியப் புகைப்படக்காரர் அலெஸ்ஸியோ மாமோ உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழைகளின் முன் மேசை போட்டு, போலி உணவுகளைப் பரப்பி, கண்களைப் பொத்திக்கொண்டு விருப்பமான உணவைக் கற்பனை செய்யச் சொல்லிப் படமெடுத்திருந்தார். பெரும் கண்டனம் எழுந்தது. அவர் மன்னிப்பும் கேட்டார். இரண்டையும் படித்து நாம் கோபப்பட்டோம். ஆனால் கணினியில் உருவத்தை நீக்குவதற்கும், வளையல் அணிந்த கையைச் சட்டகத்திலிருந்து வெட்டுவதற்கும் முறையில்தான் வேறுபாடு. மறைந்துபோவது இரண்டிலும் ஒரு மனிதர்தான்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்குத் தோன்றும் ஓர் அளவுகோலை இங்கே முன்வைக்கிறேன். அகப்பாடல்களில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய மரபு. காதலையும் பிரிவையும் ஊடலையும் பாடலாம், அவை இன்னாருடையவை என்று காட்டலாகாது. புறப்பாடலில் பெயர் வரும், ஊர் வரும், குடி வரும், கொடை வரும். இருவகைப் பாடலுக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருவேறு நாகரிகங்களை வகுத்திருக்கிறார்கள்.

புகைப்படத்தில் முகம் என்பது பெயரைவிடத் துல்லியமான சுட்டு. அப்படியானால் தெருவில் எடுக்கிற படத்தையும் இப்படிக் கேட்கலாமே: இது அகமா, புறமா? பேருந்து நிலையத்தில் வாய் பிளந்து உறங்கும் பெண், மதுக்கடை வாசலில் விழுந்து கிடப்பவர், அரசு மருத்துவமனைச் சுவரில் சாய்ந்து அழுபவர் ஆகியோர் தெருவில் இருந்தாலும் அவர்களுடைய அந்தக் கணம் அகம். அங்கே முகத்தைச் சுட்டாமல் சொல்லும் வழியைத் தேடுவதே கலை. மாறாக நெய்பவர், மீன் விற்பவர், காவடி எடுப்பவர் ஆகியோரின் செயல் புறம். அங்கே பெயரும் ஊரும் தொழிலும் சொல்லப்படவேண்டும், அவர்கள் சம்மதத்தோடு. நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. அழுபவரின் முகத்தை முழுதாகக் காட்டுகிறோம். நெசவாளரைப் 'பெயரறியா முதியவர்' ஆக்கிவிடுகிறோம்.

அனுமதி கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்ற எதிர்வாதத்தை நான் அறிவேன். அது பொருட்படுத்த வேண்டிய வாதமே. சட்டமும் பல இடங்களில் புகைப்படக்காரர் பக்கம் நின்றிருக்கிறது. நியூயார்க் தெருவில் தன்னை அறியாமல் படமெடுத்துக் காட்சிக்கு வைத்ததாக, மத நம்பிக்கையின்பாற்பட்ட மறுப்போடு முதிய யூதர் ஒருவர் பிலிப்-லோர்க்கா டிகோர்சியாமீது தொடுத்த வழக்கு 2006-இல் தள்ளுபடியாயிற்று. கலைச் சுதந்திரமே வென்றது. அது வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் முன்அனுமதி என்றால் தெருவின் வரலாறே பதிவாகாது. ஆனால் நீதிமன்றம் தடுக்கவில்லை என்பதாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. எடுக்கும் முன் கேட்க முடியாதபோது எடுத்த பின் கேட்கலாம், காட்டலாம், பிரதி கொடுக்கலாம். வேண்டாம் என்றால் அழிக்கவும் செய்யலாம். டிஜிட்டல் காமிராவில் இதற்கு அரை நிமிடம் போதும்.

இன்னொரு வழியும் தமிழ்நாட்டிலேயே கண்முன் இருக்கிறது. 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான எம். பழனி குமார், மீன் விற்கும் தன் தாயையே படமாக்கியிருக்கிறார். தூய்மைப் பணியாளர்களைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர் அவர். பெயர், ஊர், உழைப்பு எல்லாம் படத்தோடு சேர்ந்தே வருகின்றன. அவர் படங்களில் இயல்பு கெட்டுவிட்டதாக யாரும் சொல்லமுடியாது. தெரிந்தவராக நின்று எடுப்பதாலேயே அந்த நெருக்கம் வாய்க்கிறது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒளியையும் அமைப்பையும் பற்றிப் பேசும் முன் மூன்று கேள்விகள்: இங்கே நடப்பது என்ன? இவர் யார், இந்தப் படம் அவருக்குத் தெரியுமா? சட்டகத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? மூன்றாவதுதான் கடினமானது. அதற்குப் பதில் தெரியாமல் பல படங்கள் கூட்டத்திலிருந்து திரும்பிப் போயிருக்கின்றன. 'கலை பேச வந்தோமா, விசாரணைக்கு வந்தோமா' என்று சலித்துக்கொண்டு இருவர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் பழைய முறைக்குத் திரும்ப மனமில்லை.

நண்பர் அந்தப் படத்தின் வெட்டாத பிரதியை எடுத்துக்கொண்டு மீண்டும் அம்மையார்குப்பம் போய்வந்தார். ஓரத்தில் அந்தக் கை மட்டுந்தான் இருக்கிறது, முகம் இல்லை. அந்த அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என் கைதான்" என்று மட்டும் சொன்னாராம்.