பிரேசர் தெருவில் ஒரு விம்பிள்டன்



ஜூன் மாதக் கடைசியில் விம்பிள்டன் பந்தயம் தொடங்கிவிட்டால் நம் வீடுகளிலும் ஒரு பந்தயம் தொடங்கிவிடுகிறது. மூத்தவன் பெடரர் என்பான், இளையவள் நடால் என்பாள், மருமகன் ஜோகோவிச் என்பார். 20, 22, 24 என்று மூவரும் வென்ற பெரிய பட்டங்களை விரல்விட்டு எண்ணுவார்கள். இப்போது அல்கராஸா, சின்னரா என்பது புதிய வழக்கு. 2025-ல் பாரிஸில் சின்னரின் கைக்கு எட்டிய வெற்றியை அல்கராஸ் தட்டிப் பறித்தார். ஐந்தே வாரத்தில் விம்பிள்டனில் சின்னர் கடனைத் தீர்த்தார். அன்றிரவு எங்கள் வீட்டில் அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டும் சாப்பிட வராமல் இருந்தார்கள்.

அவர்களை அதட்டப் போன எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சண்டை எங்கள் குடும்பத்தில் அறுபது ஆண்டுப் பழையது. தொடங்கிய இடம் ரங்கூன் நகரத்துப் பபேடான்.

பபேடானை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. ரங்கூனில் தமிழர்களும் பிற இந்தியரும் நெருங்கி வாழ்ந்த பேட்டை அது. கோயிலும் பள்ளிவாசலும் யூதர் ஆலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஊடே ஓடும் பெரிய சாலைக்கு இன்று அனவரத்தா சாலை என்று பெயர். எங்கள் சிறு வயதில் அது பிரேசர் தெரு. தமிழர்கள் 1871-ல் எழுப்பிய காளி கோயிலும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. அங்கே ஒரு டீக்கடையில் குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து, எங்கள் தந்தையாரும் ஒரு ராவுத்தர் பாயும் மாலைதோறும் உலக விவகாரம் பேசுவார்கள். தந்தையார் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கப்பிள்ளை. பாய்க்குக் குடை வியாபாரம். இருவருமே டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ரேடியோவும் பத்திரிகையும் சொல்வதை வைத்துக்கொண்டு, ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களைப் போல வாதாடுவார்கள்.

வாதத்துக்குக் காரணம் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன். 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 17. 1960-ல் பெரியவர்கள் பந்தயத்தில் அரையிறுதி வரை வந்து, ஆஸ்திரேலியாவின் நீல் பிரேசரிடம் தோற்றார். பிரேசர் தெருவில் உட்கார்ந்துகொண்டு பிரேசரைத் திட்டிய தமிழர்கள் நாங்களாகத்தான் இருப்போம்! மறு ஆண்டு கால் இறுதியில் ராய் எமர்சனை வீழ்த்தி மீண்டும் அரையிறுதிக்கு வந்தார். அங்கே ராட் லேவர் நின்றார். தோல்வி. இரண்டு ஆண்டிலும் கிருஷ்ணனை வென்றவரே கோப்பையையும் வென்றார்.

"கோப்பை வாங்கினவனிடம்தானே தோற்றான்? அது தோல்வியே இல்லை" என்பது தந்தையாரின் கட்சி.

"கணக்கப்பிள்ளை, கணக்குல கடைசி வரிதான் பார்க்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க? கடைசி வரியில லேவர் பேருதானே இருக்கு" என்பார் பாய்.

பாய்க்குப் பிடித்த வீரர் யாரோஸ்லாவ் டிராப்னி. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, அங்கிருந்த ஆட்சியைப் பொறுக்காமல் 1949-ல் வெளியேறியவர். நாடற்றவராக நின்றவருக்கு எகிப்து குடியுரிமை கொடுத்தது. விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் 1949-லும் 1952-லும் தோற்றார். 1954-ல், 32-வது வயதில், 19 வயது ரோஸ்வாலைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தார். நம் கிருஷ்ணன் சிறுவர் பட்டம் வென்ற அதே ஆண்டு, அதே விம்பிள்டன். "ஊரை இழந்து, பேரை இழந்து வந்தவன் வாங்கினானே! உங்க ஆளுக்கு என்ன குறை?" என்று 1961 ஜூலையில் பாய் கேட்டார். தந்தையாருக்குக் கோபம் மூண்டது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளிலிருந்து இருவரும் கடையின் இரண்டு மூலையில் உட்கார்ந்தார்கள். பேச்சு நின்றது.

நம் வாசகர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வேலையும் சேமிப்பும் போய், நாங்கள் கப்பல் ஏறினோம். பாய் பபேடானிலேயே தங்கிவிட்டார். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே என்பது, சென்னை வியாசர்பாடிக் குடிசையில் தந்தையாரை அரித்துக்கொண்டே இருந்தது. "டிராப்னியைச் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது" என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்.

1966 டிசம்பரில் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பைக்காக இந்தியாவும் பிரேசிலும் மோதின. ஆளுக்கு இரண்டு ஆட்டம் என்ற நிலையில், கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனும் தாமஸ் கோக்கும். கிருஷ்ணன் இரண்டு செட்டை இழந்து, நான்காவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கியிருந்தார். அங்கிருந்து எழுந்து அந்த செட்டையும் ஐந்தாவதையும் வென்று, இந்தியாவை முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். அன்று மாலையே தந்தையார் ஒரு கடிதம் வாங்கிவரச் சொல்லி, ஐந்தாண்டு மௌனத்தை உடைத்து எழுதினார்: "பாய் அவர்களுக்கு, பார்த்தீர்களா?"

பதில் வரப் பல வாரம் ஆயிற்று. "சலாம். பிரேசில் சங்கதி சரி. மெல்போர்னில் என்ன ஆயிற்று?" என்று எழுதியிருந்தார். இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1-4 என்று தோற்றதைத்தான் குத்திக்காட்டுகிறார்! நியூகோம்பையும் ரோச்சையும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் வென்றார்களே என்று தந்தையார் மறு கடிதம் போட்டார். கப்பல் இறங்கியபின் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

பிறகு எங்களுக்கு விஜய் அமிர்தராஜ் வந்தார். 1973-ல் விம்பிள்டன் கால் இறுதியில் கோடெசிடம் ஐந்தாவது செட்டில் தோற்றார். அந்தக் கோடெசே கோப்பையை வென்றார். 1974-ல் அமெரிக்கப் பந்தயத்தில் போர்க்கை வென்றார். 1981 விம்பிள்டனில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்தபின் தோற்றார். கிருஷ்ணனா, விஜய்யா என்று சென்னையில் பிரியாத நண்பர்கள் பிரிந்தார்கள். கிருஷ்ணன் மகன் ரமேஷ் 1979-ல் தந்தை வென்ற அதே சிறுவர் பட்டத்தை வென்றபோது, "அப்பனைப் போல வருவானா?" என்ற கேள்வி அந்தப் பிள்ளையின் தோளில் ஏறியது. மென்மையான கை, வேகமில்லாத சர்வீஸ், எல்லாம் அப்பாவின் சொத்து. ஆனால் 1987-ல் சிட்னியில் கடைசி ஆட்டத்தை வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனதும், 1989-ல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் உலகின் முதல் நிலை வீரர் விலாண்டரைத் தோற்கடித்ததும் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

மூவரில் யார் பெரியவர்? கோப்பைக் கணக்குப் பார்த்தால் மூவருமே விம்பிள்டன் பெரிய பட்டத்தை வெல்லவில்லை. ஆனால் 1974-ல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா வந்தபோது எதிரே இருந்தது நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது; கோப்பை அவர்களுக்குப் போயிற்று. விஜய்யும் அண்ணன் ஆனந்தும் இருந்த அணி அது. கடைசி வரியில் தென்னாப்பிரிக்காவின் பெயர் இருக்கிறது. பெருமை யாருடையது என்று பாய்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு போட்டியையும் சொல்லிவிடுகிறோம். மார்ட்டினா நவரத்திலோவாவும் 1975-ல் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தவர்தான். அவரும் கிறிஸ் எவர்ட்டும் 80 முறை மோதினார்கள். மார்ட்டினா 43, கிறிஸ் 37. பதினோரு ஆண்டுக்குப் பின் 1986-ல் அமெரிக்க அணியில் ஆட மார்ட்டினா தம் பிறந்த மண்ணுக்கு, பிராக் நகருக்குத் திரும்பினார். அந்த அணியில் அவருடன் போனவர் கிறிஸ் எவர்ட். இத்தனை ஆண்டு வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர், அன்று இந்தப் பக்கம் நின்றார்.

புது ஊரில் வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, இப்போதுதான் மூச்சு விடுகிறோம். நம்மோடு வாதாட ஒரு ஆள் கிடைப்பதே இங்கு அரிது. ஆகவே வாதாடுங்கள், டீ ஆறுவதற்குள் சமாதானமும் ஆகிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிட்டு, ரமேஷின் தோளில் ஏற்றிய சுமையை அதன் தோளில் ஏற்றாதீர்கள்.

அன்றிரவு எங்கள் வீட்டு அண்ணனையும் தங்கையையும் உட்காரவைத்துப் பாயின் கடிதத்தைப் படித்துக் காட்டினோம். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது.

அடுத்த இதழில் சந்திப்போம்.