உடன்பிறந்தாள் இல்லாத ஊர் வரலாறு

போபோடி, கட்கி வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக இரண்டு ஆண்டுகளைக் கொண்டு தொடங்குவர். ஒன்று, பேஷ்வாவின் படையும் கம்பெனிப் படையும் கட்கியில் மோதிய 1817. மற்றொன்று, அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பெற்ற 1869. படைப்பிரிவு, தொழிற்சாலை, இருப்புப்பாதை ஆகிய மூன்றின் பதிவேடுகளும் ஆண்களின் பெயர்களால் நிரம்பியவை. இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் கதையும் அதே அச்சில் வார்க்கப்படுகிறது: இன்னாரின் மகன் இன்னார், அவர் மகன் இன்னார். பெண் மனைவியாகவும் தாயாகவும் வருகிறாள், உடன்பிறந்தாளாக வருவதில்லை. இது கவனக்குறைவால் நேர்ந்த விடுபடல் அன்று, முறையியலின் குறை என்பதே என் வாதம்.

"ஆவணம் இல்லையே" என்பர். ஆவணம் நிறைந்த இடத்தில் மட்டும் என்ன செய்தோம்? இதே புனேயின் கார்னேலியா சொராப்ஜியை எடுத்துக்கொள்வோம். டெக்கான் கல்லூரியில் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி ஆனவர். தகுதியால் கிடைத்திருக்க வேண்டிய அரசு உதவித்தொகை, பெண் என்பதால் மறுக்கப்பட்டது. எனினும் 1889-இல் ஆக்ஸ்போர்டு சென்று, 1892-இல் சட்டத் தேர்வு எழுதினார். 'முதல் பெண்' என்னும் அடைமொழி அவரைத் தனிமரமாக நிறுத்திவிட்டது. ஆனால் அவர் தனிமரம் அல்லர். தாய் பிரான்சினா புனேயில் விக்டோரியா உயர்நிலைப் பள்ளியை நடத்தியவர். தங்கை சூசி 1908-இல் செயின்ட் ஹெலினா பள்ளியைத் தொடங்கியவர். மற்றொரு தங்கை ஆலிஸ் மருத்துவராகி, வடமேற்கு எல்லையின் பன்னு நகரில் பணியாற்றியவர். சூசி 1931-இல் மறைந்தார். மறு ஆண்டே தங்கையின் வாழ்க்கை வரலாற்றைத் தமக்கை நூலாக வெளியிட்டார். உடன்பிறந்தாளும் வரலாற்றுக்கு உரியவள் என்று கார்னேலியாவுக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கு ஏன் தோன்றவில்லை?

அவர் ஆங்கிலப் பேரரசின் ஆதரவாளர், காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தவர் என்று சிலர் நினைவூட்டுவர். உண்மைதான்; அந்த அரசியல் எனக்கும் உடன்பாடன்று. ஆனால் ஒருத்தியின் அரசியலைக் காட்டி, இன்றும் நடைபெறும் பள்ளியை நிறுவிய இன்னொருத்தியையும் சேர்த்து மறப்பது எந்த நியாயம்?

சொராப்ஜி குடும்பம் படித்த குடும்பம். நூல் எழுதி வைத்தது. போபோடியின் உழைக்கும் வீடுகளில் நூல் ஏது என்று கேட்கலாம். நூல் இல்லை, உறவுமுறைச் சொற்கள் உண்டு. தந்தையின் உடன்பிறந்தாள் நமக்கு அத்தை. தாயின் உடன்பிறந்தாளோ பெரியம்மா, சின்னம்மா, அவளும் அம்மாவே. அத்தை மகன் முறைமாப்பிள்ளை. பெரியம்மா மகன் அண்ணன். அக்காள் வீட்டையும் தங்கை வீட்டையும் ஒரே வீடாகக் கொண்ட ஒரு சமூக ஏற்பாட்டை இச்சொற்கள் காத்து வைத்திருக்கின்றன. தாய்மொழியே தந்திருக்கும் இச்சான்றைப் புறந்தள்ளிவிட்டு ஆவணம் இல்லை என்பது சோம்பல்.

அந்த ஏற்பாடு வெறும் பாசக் கதையன்று. நிறுவனங்களைத் தாங்கிய உழைப்பு அது. சென்னையில் 1911-இல் பட்டம் பெற்று, இளம் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கிய சகோதரி சுப்பலட்சுமியை அனைவரும் அறிவர். அவருக்குத் துணைநின்று வீட்டு நிர்வாகத்தைச் சுமந்தவர் சித்தி வாலாம்பாள்; தாமும் ஒரு கைம்பெண். தமக்கையின் மகளைத் தன் மகளாகக் கொண்ட உறவு இல்லையெனில் அவ்வில்லத்தின் அன்றாடம் எப்படி நடந்திருக்கும்? ஆயினும் சீர்திருத்த வரலாற்றில் அந்தச் சித்திக்குக் கிடைப்பது ஓர் அடிக்குறிப்பு அளவே.

ஆகவே குடியேற்ற வரலாறு எழுத முனையும் நண்பர்களுக்கும், சங்கங்களின் ஆண்டுமலர்களைத் தொகுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். "நீங்கள் யார் மகன்?" என்ற வினாவோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தாயோடு பிறந்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்? யார் அழைத்து யார் இந்த ஊருக்கு வந்தார்கள்? பேறுகாலத்தில் யார் உடனிருந்தார்? தாய் வேலைக்குப் போனபோது எவர் வீட்டில் உண்டு வளர்ந்தீர்கள்? நகை அடகு போனபோது மீட்டுத் தந்தவர் யார்? இவற்றையும் கேளுங்கள். விடை தெரிந்த மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். தலைவர், செயலாளர் படங்களை அச்சுக்கு அனுப்புமுன், அவர்களிடம் ஒருமுறை சென்று அமருங்கள்.